எண்ணால் இயங்கும் வரைபடம்

'அவன் வந்தான்' என்னும் தொடரில் 'அவன்' என்பதை 'அவள்' என மாற்றுவோமாயின், 'வந்தான்' என்பதும் 'வந்தாள்' என மாறியே தீரும். எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள இயைபு அத்தகையது. ஒன்றை மாற்றி மற்றொன்றை மறந்தால் தொடர் வழுவுடையதாகும். சொற்களுக்கு உரிய இவ்வியைபு பொருள்களுக்கும் உண்டு. கதவின் அகலம் கூடின், அதனைத் தாங்கும் நிலையின் அகலமும் கூடுதல் வேண்டும் அன்றோ?

பொறியாளர் பலகையின்மேல் தாளை விரித்துக் கையால் படம் வரைந்த காலத்தில், இவ்வியைபைக் காப்பது அவர்தம் நினைவையே சார்ந்திருந்தது. ஓர் உறுப்பின் அளவு மாறின், தொடர்புடைய தாள்களையெல்லாம் தேடியெடுத்துத் திருத்துதல் வேண்டும். ஒரு தாள் விடுபட்டாலும் பட்டறையில் இரும்பு வீணாகும். 1963-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்பார் 'ஸ்கெட்ச்பேட்' என்னும் கணிப்பொறி ஏற்பாட்டை உருவாக்கினார். திரையில் ஒளிப்பேனாவால் வரைந்த கோடுகளை, 'இவை இணைகோடுகளாகவே இருத்தல் வேண்டும்' எனக் கட்டுப்படுத்த அதனால் இயன்றது. 1979-இல் டேன் பிரிக்லின், பாப் ஃபிராங்க்ஸ்டன் ஆகிய இருவர் ஆக்கிய 'விசிகால்க்' என்னும் விரிதாள், கணக்குத் துறையில் இத்தகைய பணியைச் செய்தது. அதில் ஒரு கட்டத்தின் எண்ணை மாற்றினால், அதனைச் சார்ந்த கட்டங்கள் யாவும் தாமே மாறின. இன்று வரைபடமும் விரிதாளும் இணைந்தே பணியாற்றுகின்றன.

பல உறுப்புகள் பொருந்திய முழுப்பொருளின் வரைபடத்தைத் தொகுதி என்பர். தொழிற்கூடத்தார் 'அசெம்பிளி' என்பர். அதன் உருவத்தை ஆளும் அளவு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இடப்படும். பெயர் பெற்ற அவ்வளவே அளபுரு, அதாவது 'பராமீட்டர்' ஆகும்.

இரும்புப் படிக்கட்டு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தரைக்கும் மேல்தளத்துக்கும் இடையே உயரம் 3000 மில்லிமீட்டர். ஒரு படியின் ஏற்றம் 150 மில்லிமீட்டருக்கு மிகலாகாது. 3000-ஐ 150-ஆல் வகுத்தால் 20 ஏற்றங்கள் வரும். இருபதாம் ஏற்றம் மேல்தளத்திலேயே முடிதலின், மிதிபலகைகள் 19 போதும். ஒவ்வொரு மிதியின் ஆழமும் 280 மில்லிமீட்டர் எனின், படிக்கட்டு தரையில் 5320 மில்லிமீட்டர் நீளும். இனி, உயரம் 3200 என மாறுவதாகக் கொள்க. வகுத்தால் 21.33 வரும். மூன்றிலொரு பங்கு படி உலகில் இல்லை. ஆகவே, 'பின்னம் வரின் அடுத்த முழு எண்ணைக் கொள்க' என்னும் விதி வேண்டும். அவ்வாறாயின் ஏற்றங்கள் 22; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 145.5 மில்லிமீட்டர்; மிதிகள் 21; நீளம் 5880. தாங்கும் சாய்ந்த சட்டங்களும் கைப்பிடியும் நீளும். மாறியது ஓரெண், அதன்பின் மாறியவை பல.

இவ்வெண்களை எங்கே வைப்பது? 'ஆட்டோடெஸ்க் இன்வென்டர்' என்னும் வரைவு மென்பொருளில் விரிதாளை வரைபடத்தோடு இணைக்கலாம். விரிதாளின் முதற்பத்தியில் அளபுருவின் பெயரும், இரண்டாவதில் மதிப்பும், மூன்றாவதில் அலகும் எழுதப்பெறும். அவ்வாறு இணைந்த மதிப்பை வரைபடத்தின் அளபுருப் பட்டியலில் மாற்ற இயலாது. விரிதாளிலேயே மாற்றுதல் வேண்டும். ஆதலால் அறிவுடைய வடிவமைப்பாளர், ஏற்றத்தின் உச்சவரம்பு, மிதியின் ஆழம், தகட்டின் கனம் போன்ற நிலையான வரையறைகளை விரிதாளில் வைப்பர். வாங்குவோர்தோறும் வேறுபடும் உயரம், அகலம் ஆகியவற்றைப் படிவத்தில் வைப்பர்.

படிவம் என்பது திரையில் தோன்றும் எளிய வினாத்தாள் போன்றது. அதனை 'ஐலாஜிக்' என்னும் பகுதியால் அமைப்பர். உயரத்துக்கு நகர்த்துகோல் ஒன்றை அமைத்து, 2400 முதல் 4200 வரை என எல்லை வகுத்தால், வரைபடத்தின் நுட்பம் அறியாதவரும் தவறான அளவைத் தர இயலாது. ஆயினும் தொகுதியில் இட்ட எண் உறுப்புகளுக்குத் தானே சென்று சேர்ந்துவிடாது. 'இவ்வகலத்தை மிதிபலகைக்கும் கொடு' எனத் தெளிவாக விதி எழுதுதல் வேண்டும்.

இவ்வேற்பாட்டில் காக்க வேண்டியவை மூன்று. ஒன்று, ஒரு செய்திக்கு ஓரிடமே வேண்டும். மிதியின் ஆழம் விரிதாளில் ஒன்றாகவும் வரைபடத்தில் மற்றொன்றாகவும் இருப்பின், எது மெய் என யார் அறிவார்? இரண்டு, சார்பு சுழலலாகாது. எண்ணிக்கை உயரத்தைச் சார, உயரம் மீண்டும் எண்ணிக்கையைச் சாருமாயின், கணக்குக்குத் தொடக்கமே இல்லை. மூன்று, எண்ணோடு அலகும் செல்லுதல் வேண்டும்.

மூன்றாவதன் அருமையை ஒரு நிகழ்ச்சி உணர்த்தும். 1998 டிசம்பரில் நாசா ஏவிய 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' என்னும் விண்கலம், 1999 செப்டம்பரில் செவ்வாயை அடைந்தபோது தொலைந்தது. தரையிலிருந்த நிரல் ஒன்று உந்துதலின் அளவைப் பவுண்டு விசை அலகில் தந்தது. அதனைப் பெற்றுக் கணக்கிட்ட நிரலோ நியூட்டன் அலகு எனக் கொண்டது. ஒரு பவுண்டு விசை ஏறத்தாழ 4.45 நியூட்டனுக்குச் சமம். எண்கள் தடையின்றிச் சென்றன. அலகு உடன் செல்லவில்லை.

கையால் வரைந்த படத்தில் ஒரு தவறு ஓரிடத்தில் நிற்கும். பிற உறுப்புகளோடு பொருந்தாமையால் கண்ணுக்கும் புலப்படும். இணைந்த படத்திலோ வேரில் நேர்ந்த தவறு கிளையெங்கும் பரவும். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியே பிழைபட்டிருக்கும். ஆகவே, வரைபடத்தைப் பட்டறைக்கு அனுப்புமுன் மிகச் சிறிய உயரத்தையும் மிகப் பெரிய உயரத்தையும் படிவத்தில் இட்டு, வரும் விடையைத் தாளில் தனியே கணக்கிட்டு ஒப்புநோக்குதல் கடமையாகும். அப்படிக்கட்டில் நாளை ஒரு முதியவர் ஏறுவார். ஒரு குழந்தை இறங்கும். கணக்கிடும் உழைப்பைப் பொறி ஏற்றுக்கொண்டது. சரிபார்க்கும் பொறுப்பு நம்மிடமே இருக்கின்றது.

வினாக்கள்

1. அளபுரு என்றால் என்ன?
2. நிலையான வரையறைகளை விரிதாளிலும், வேறுபடும் அளவுகளைப் படிவத்திலும் வைப்பது ஏன்?
3. உயரம் 3500 மில்லிமீட்டராயின், ஏற்றங்களும் மிதிகளும் எத்தனை? படிக்கட்டின் நீளம் யாது?