கண்ணாடிக் குளம்

மாரிக்காலத்தில் ஏரியும் குளமும் நிரம்பித் ததும்பும்பொழுது, மதகடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் சிறுவர்கள் துண்டினை விரித்து மீன் பிடிப்பது தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் காணும் காட்சியாகும். பிடித்த மீனை நீர் நிரப்பிய புட்டியில் இட்டு வீட்டிற்குக் கொண்டுவருவர். இரவு வரையில் அதனைச் சூழ்ந்திருந்து மகிழ்வர். பொழுது விடிந்து பார்த்தால், மீன் வயிறு மேலாக மிதக்கும். பிடித்த சிறுவன் அதனைக் கொல்ல எண்ணியவன் அல்லன், காக்கவே எண்ணினான். ஆயினும் மீன் இறந்தது. உயிரைப் பேணுதற்கு அன்பு மட்டும் போதாது. அவ்வுயிரைப் பற்றிய அறிவும் வேண்டும்.

மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்துக் காணும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஐரோப்பாவில் பரவியது. இலண்டன் உயிர்க்காட்சிச் சாலையில் 1853ஆம் ஆண்டு பொதுமக்களுக்கென ஒரு மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. சென்னைக் கடற்கரையில் 1909ஆம் ஆண்டு அத்தகைய காட்சிச்சாலை ஒன்று ஏற்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அது மூடப்பட்டது. இன்று மீன்தொட்டி எளிய இல்லங்களிலும் இடம் பெற்றுள்ளது. ஆனால் அதில் வாழும் மீன்களுட் பல அயல்நாட்டு இனங்களே. வீட்டிற்கு அருகில் உள்ள குளத்திலேயே தொட்டிக்கேற்ற அழகிய மீன்கள் வாழ்கின்றன என்பதைப் பலர் அறியார்.

மீனைத் தேர்ந்தெடுக்கும் முன் தொட்டியின் அளவை அறிதல் வேண்டும். 60 சென்டிமீட்டர் நீளமும், 30 சென்டிமீட்டர் அகலமும், 30 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தொட்டி 54 லிட்டர் நீர் கொள்ளும். அடியில் மணல் பரப்பி, மேலே சிறிது இடம் விட்டால், ஏறத்தாழ 40 லிட்டர் நீரே அதில் நிற்கும். நீரின் மேற்பரப்பு வழியாகவே காற்றிலுள்ள ஆக்சிஜன் நீரிற் கரைகிறது. புட்டியின் வாய் குறுகியது, மேற்பரப்பும் சிறியது. சிறுவனின் மீன் மூச்சு முட்டியே இறந்தது.

மற்றோர் இடரும் உண்டு. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் தோன்றுகிறது. மணலிலும் வடிகட்டியிலும் பெருகும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட்டோ அத்துணைத் தீங்கு தருவதன்று. அதனை நீர்ச்செடிகள் உணவாக ஏற்கின்றன. புதிய தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும். ஆகையால், ஹைட்ரில்லா முதலிய செடிகளை முன்னரே நட்டு, தொட்டி பக்குவம் அடையுங்கால் மீன்களைச் சிலசிலவாக விடுதல் வேண்டும். கிழமைதோறும் கால் பங்கு நீரை மாற்றுவதும் நன்று.

இனி, எவ்வகை மீன் ஏற்றது? சிறிய மீன் வேறு. பெரிய மீனின் குஞ்சு வேறு. இதனை அறியாமல் ஏமாறுவோர் பலர். மழைக்காலத்தில் குளத்தின் மேற்பரப்பில் செந்நிறக் குஞ்சுகள் ஒரு பெருங்கூட்டமாகத் திரிவதைக் காணலாம். அவற்றின் நிறத்திற் சொக்கிச் சிறுவர்கள் அள்ளிச் செல்வர். அவை விரால் குஞ்சுகள். தாயும் தந்தையும் அவற்றைக் காவல் காத்து உடன்வரும். வளர வளரச் செந்நிறம் மறையும். முழு வளர்ச்சி பெற்ற விரால் ஒரு மீட்டரை எட்டவும் கூடும். தொட்டியிலுள்ள பிற மீன்களை அதற்கு நெடுநாள் முன்னரே அது விழுங்கிவிடும். எனவே, இன்று மீன் எவ்வளவு இருக்கிறது என்று பாராமல், நாளை எவ்வளவு வளரும் என்று பார்த்தே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

அடுத்து நோக்கத்தக்கது, ஒவ்வொரு மீனும் நீரின் எப்பகுதியில் வாழ்கிறது என்பது. மேற்பரப்பை ஒட்டி வாழ்வது முண்டக்கண்ணி. தட்டையான தலையும், மேல்நோக்கிய வாயும், தலையுச்சியில் வெள்ளிப்பொட்டுப் போன்ற புள்ளியும் உடையது. கொசுப்புழுக்களை விரும்பி உண்பது. இது துள்ளும் இயல்புடையதாதலின் தொட்டிக்கு மூடி இன்றியமையாதது. நடுநீரில் உலவுவன சிறு கெண்டைகள். இவை கூட்டமாக வாழ்பவை. தனித்து விடப்பட்டால் அஞ்சி ஒதுங்கும். அடிநிலத்தில் வாழ்வது அயிரை. மதுரைப் பகுதியில் குழம்பிற்குப் பெயர்பெற்ற இம்மீன், வாயைச் சுற்றியுள்ள சிறு மீசைகளால் மணலைத் துழாவி இரை தேடும். அஞ்சினால் மணலுக்குள் புதையும். இதற்குக் கூரிய கற்கள் ஆகா, மென்மணலே வேண்டும். மேற்கூறிய தொட்டிக்கு முண்டக்கண்ணி மூன்று, கெண்டை ஆறு, அயிரை மூன்று போதும். மூன்றும் தத்தம் இடத்தில் வாழ்வதால் இடத்திற்கான பூசல் குறையும். ஆயினும் முண்டக்கண்ணி தன் வாயில் அடங்கும் மீனை விழுங்கும். ஆதலின் உடன்விடும் மீன்கள் ஓரளவு வளர்ந்தனவாக இருத்தல் வேண்டும்.

சிறப்பாகக் கூறத்தக்க மற்றொரு மீன் உண்டு. புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்து ஆற்றில் கிடைத்த அதனைப் பிரெஞ்சு அறிஞர் குவியே 1831ஆம் ஆண்டு விளக்கினார். அதன் அறிவியற் பெயரில் வரும் 'கூபானஸ்' என்னும் சொல் அவ்வூர்ப் பெயரிலிருந்து பிறந்ததே. வயல்களிலும் ஓடைகளிலும் வாழும் இச்சிறு மீன் நீரின்மேல் வந்து காற்றையும் சுவாசிக்க வல்லது. முட்டையிடுங் காலத்தில் ஆண்மீன் வாயினாற் குமிழிகளை ஊதி, நுரைக்கூடு ஒன்று கட்டும். முட்டைகளை அதில் வைத்து இரவு பகலாகக் காவல் நிற்கும்.

அழகு ஒன்றையே கருதி அரிய மீனை நாடுதலும் தவறாகும். 'மிஸ் கேரளா' எனப்படும் மீனை 1865ஆம் ஆண்டு பிரான்சிஸ் டே என்னும் அறிஞர் விளக்கி, அன்றைய சென்னை ஆளுநர் டெனிசனின் பெயரை அதற்கு இட்டார். செங்கோடும் கருங்கோடும் அணிந்த அம்மீன் மேற்குத் தொடர்ச்சி மலையின் விரைந்தோடும் ஆறுகளுக்கே உரியது. ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் வளர்வது. சிறு தொட்டி அதற்குச் சிறையே. விற்பனைக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டமையால் அது அழியும் நிலையை அடைந்துள்ளது. பொதுவாகக் கிடைக்கும் மீன்களையும் வேண்டிய சிலவற்றை மட்டுமே எடுத்தல் அறமாகும்.

வளர்க்க இயலாதவர் அயல்நாட்டு மீனைக் குளத்தில் விடுவது இரக்கச் செயலாகத் தோன்றலாம். அது பெருந்தீங்கு. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த திலாப்பியா 1952ஆம் ஆண்டு உணவுக்கெனக் கொண்டுவரப்பட்டு, பல நீர்நிலைகளிற் பெருகி, உள்ளூர் மீன்களின் இரைக்கும் இடத்திற்கும் போட்டியாயிற்று. தொட்டியின் பாசியைத் தின்னும் என்று விற்கப்படும் தென்னமெரிக்க உறிஞ்சுவாய் மீன், சென்னையைச் சூழ்ந்த நீர்நிலைகளிற் பெருகி மீனவர் வலைகளைக் கிழிக்கிறது. ஒரு குளத்து மீனைத் தொட்டியில் வளர்த்துப் பின் வேறொரு குளத்தில் விடுதலும் நோயைப் பரப்பக்கூடும். மீனை வாங்கும் முன்னரே அதன் வாழ்நாள் முழுமைக்கும் பொறுப்பேற்க இயலுமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நுரைக்கூட்டின் கீழ்க் காவல் நிற்கும் அச்சிறு மீனை ஒருமுறை கண்ட மாணவன், வயலோரத்து ஓடையை இனி வெறும் சேற்றுநீர் என்று கருதமாட்டான். அங்கே குப்பை கொட்டப்படுவதைக் கண்டால் அவன் மனம் பதறும். வீட்டிலுள்ள கண்ணாடிக் குளம், ஊரிலுள்ள மண்குளத்தைக் காக்கும் எண்ணத்தை வளர்க்குமாயின், அதனினும் பெரும்பயன் வேறு யாது?