டிராயர் செய்யப் போகிறீர்களா? முதலில் ஓட்டத்தை முடிவு செய்யுங்கள்

வீட்டிலேயே டிராயர் செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மூட்டில்தான் தொடங்குகிறார்கள். புறாவால் மூட்டா, ஸ்க்ரூ முடுக்கினால் போதுமா என்று நாள்கணக்கில் வீடியோ பார்ப்பார்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். டிராயர் எதன்மேல் ஓடப்போகிறது என்று முடிவானால்தான் பெட்டியின் அகலமே தெரியும். அது தெரியாமல் பலகையில் ரம்பம் வைத்தால் பலகைக்குத்தான் கேடு.

ஓட்டத்துக்கு மூன்று வழி இருக்கிறது: பக்கவாட்டில் மாட்டும் டெலஸ்கோபிக் சேனல், அடியில் மறைந்து நிற்கும் அண்டர்மவுண்ட் சேனல், மரச்சட்டத்தின் மேல் மரமே வழுக்கி ஓடுவது.

அண்டர்மவுண்ட் பார்க்க அழகு. திறந்தால் இரும்பே தெரியாது, மெதுவாகத் தானே மூடிக்கொள்ளும். ஆனால் பெட்டியின் உள் அகலம், திறப்பைவிட இத்தனை மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும் என்று கறாராகக் கேட்கும் (பல மாடல்களில் 42). அடிப்பலகையை உயர்த்தி வைக்க வேண்டும், பின்பலகையில் வெட்டும் துளையும் வேண்டும், விலையும் அதிகம். முதல் டிராயருக்கு இது வேண்டாம்.

டெலஸ்கோபிக் சேனல் கேட்பது ஒன்றுதான்: பக்கத்துக்கு அரை அங்குலம், ஆசாரிமார் கணக்கில் நாலு நூல். திறப்பு 18 அங்குலம் என்றால் பெட்டியின் வெளி அகலம் 17. ஒரு மில்லி குறைந்தாலும் சேனலுக்குப் பின்னால் அட்டைத்துண்டு வைத்துச் சரிக்கட்டலாம். கூடினால்தான் வம்பு, பிளைவுட்டை இழைத்தால் மேல்தாள் போய்விடும். நீளம் 10 அங்குலத்திலிருந்து இரண்டிரண்டாக ஏறி 22 வரை எளிதாகக் கிடைக்கும். முழுதாக வெளியே வருவதால் பின்மூலையில் கிடக்கும் கரண்டியையும் துழாவாமல் எடுக்கலாம். சமையலறைக்கு இதைத்தான் சொல்வேன். கடற்கரைக்குப் பக்கத்து வீடென்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சேனலாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரண முலாம் உப்புக்காற்றில் சீக்கிரமே துருவேறும்.

மரச்சட்டத்துக்குச் செலவு கிடையாது, பொறுமைதான் செலவு. மரம் இழைக்குக் குறுக்காகத்தான் ஊதும், நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. டிராயரின் பக்கப்பலகையில் இழை முன்னிருந்து பின்னாகப் போவதால் ஈரம் ஏறும்போது கூடுவது உயரம். சித்திரை வெயிலில் சிக்கென்று பொருந்திய டிராயர் ஐப்பசி மழையில் இறுகிக்கொள்வது இதனால்தான். ஆறு அங்குல உயரத் தேக்குப் பலகைக்கு மேலே இரண்டு மில்லி இடைவெளி விடுங்கள். அதிகம் ஊதும் மரங்களுக்கு இன்னும் கொஞ்சம். பெட்டிக்கு மேலேயும் ஒரு சட்டம் வேண்டும், இல்லையென்றால் பாதி இழுத்ததும் மூக்கு தாழ்ந்துவிடும். அகலம் அதிகமாகவும் ஆழம் குறைவாகவும் உள்ள டிராயருக்கு இந்த வழி ஒத்துவராது. ஒரு பக்கமாகப் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு சிக்கும். கட்டிலோர மேசைக்கு, குறுகலான டிராயருக்கு, தேய்த்த மெழுகுவர்த்தியோடு இது அருமையாக ஓடும். உலோகச் சத்தமும் கிடையாது.

மரத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. சேனல் என்றால் 12 மில்லி பிளைவுட். அது பருவத்துக்குப் பருவம் அளவு மாறாது. படுக்கையறைக்கு ஐ.எஸ். 303 தரத்தில் எம்.ஆர். ரகம் போதும், சமையலறைக்கு அதே 303-இல் பி.டபிள்யூ.ஆர். ரகம், சிங்க் பக்கம் என்றால் ஐ.எஸ். 710 தரம். எம்.டி.எஃப். மலிவுதான், ஆனால் தண்ணீர் பட்டால் உப்பும், ஓரத்தில் ஸ்க்ரூ பிடிக்காது. மரச்சட்ட ஓட்டத்துக்குக் கட்டை மரம்தான் நல்லது. முகப்பு மட்டும் தேக்காக இருந்தால் போதும். பக்கங்களுக்கு ரப்பர் மரம் போடலாம், பூச்சிமருந்து ஏற்றியதா என்று கேட்டு வாங்கினால்.

இனி மூட்டு. டிராயரை இழுக்கும்போது முன்பலகைதான் பிய்ந்து வரப் பார்க்கும். முன்பலகை வழியாகப் பக்கப்பலகையின் வெட்டுமுனைக்குள் ஸ்க்ரூ இறக்கினால், ஒவ்வொரு இழுப்பும் அந்த ஸ்க்ரூவைப் பிடுங்கும் இழுப்பு. மாறாக, முன்பலகையின் இரு ஓரத்திலும் படிபோல வெட்டி, பக்கப்பலகையை அதில் உட்கார்த்தி, பசை தடவி, பக்கத்திலிருந்து ஸ்க்ரூ போடுங்கள். இப்போது இழுப்பு ஸ்க்ரூவுக்குக் குறுக்காக விழும், அசையாது. வீட்டுப் பட்டறைக்கு இந்த மூட்டு தாராளம். புறாவால் மூட்டு இதைவிட உறுதிதான், பசை விட்டுப்போனாலும் கழலாது. ஆனால் அதைப் பிளைவுட்டில் வெட்டினால் அடுக்கு பெயரும். கட்டை மரத்தில், முகப்பே பெட்டியின் முன்பலகையாக இருக்கும் டிராயரில்தான் அந்த உழைப்புக்கு அர்த்தம் உண்டு.

அடிப்பலகையை 4 மில்லி பிளைவுட்டாக வாங்கிக் கீழிருந்து ஆணி அடிப்பதுதான் பலரும் செய்வது. பாத்திரம் ஏற்றினால் தொய்ந்து ஆணி விடும். விளிம்பிலிருந்து 12 மில்லி மேலே காடி எடுத்து 6 மில்லி பலகையைச் செருகுங்கள். 6 என்று விற்பது பெரும்பாலும் 6 இருக்காது, பலகைத் துண்டை வைத்துப் பார்த்தே காடியின் அகலத்தை முடிவு செய்யுங்கள். பசை காயுமுன் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் ஒன்றா என்று பாருங்கள்.

சேனலுக்கு அரை அங்குல ஸ்க்ரூவே போடுங்கள். அதைவிட நீளமானால் 12 மில்லி பலகையைத் துளைத்து உள்ளே முனை நீட்டும், கையைக் கிழிக்கும். முகப்பைக் கடைசியில் மாட்டுங்கள்: பெட்டியில் இருபக்க டேப் ஒட்டி, சுற்றிலும் இடைவெளி சமமாக வரும்படி முகப்பை அழுத்தி, மெதுவாக இழுத்து, உள்ளிருந்து ஸ்க்ரூ முடுக்கினால் வேலை முடிந்தது.