சைக்கிள் ஸ்டாண்டில் 'பொறுப்பல்ல' பலகை: சட்டம் ஏற்குமா?

கேள்வி: என் மகன் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அறை எடுத்துத் தங்கி, சைக்கிளில்தான் போய்வருகிறான். கல்லூரி வாசலை ஒட்டிய ஸ்டாண்டைக் குத்தகைக்கு எடுத்தவர் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு தினமும் டோக்கன் கொடுக்கிறார். போன மாதம் வகுப்பு முடிந்து வந்து பார்த்தால் சைக்கிளைக் காணோம். எட்டு மாதத்துக்கு முன் 9,500 ரூபாய் கொடுத்து என் பெயரில் பில் போட்டு வாங்கியது. கேட்டால், "காணாமல் போனால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையைக் காட்டுகிறார். காவல் நிலையத்தில் மனுவை வாங்கினார்கள், ரசீது தரவில்லை. சைக்கிள் போனதுகூடப் பரவாயில்லை. அந்த வாசலில் பஸ்களுக்கு நடுவே பிள்ளைகள் மிதித்து வருவதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. இதற்கெல்லாம் சட்டத்தில் வழி உண்டா?
– ஒரு தாய், புதுக்கடை

பதில்: வழி உண்டு அம்மா. உங்கள் மகனிடம் இருக்கும் டோக்கன்தான் இந்த வழக்குக்கு உயிர். அதை யார் கேட்டாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். நகல் மட்டும் கொடுங்கள்.

டோக்கன் கொடுத்து, அதைக் காட்டினால்தான் வண்டியை வெளியே விடுவேன் என்று ஒருவர் சொன்னால், அந்த வண்டி அவருடைய பாதுகாப்புக்குள் வந்துவிட்டது என்று பொருள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 148 இதை ஒப்படைப்பு என்கிறது. விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ, அதே கவனத்தோடு ஒப்படைத்த பொருளையும் காக்க வேண்டும் என்கிறது பிரிவு 151. காவலுக்கு ஆள் இருந்தாரா, டோக்கன் இல்லாமல் சைக்கிள் எப்படி வெளியே போனது என்று விளக்க வேண்டியவர் ஸ்டாண்டுக்காரர்தான்.

பலகையைப் பற்றி உச்ச நீதிமன்றமே பேசியிருக்கிறது. 1998-இல் டெல்லி தாஜ்மகால் ஹோட்டலில் விருந்தினர் ஒருவர் காரையும் சாவியையும் ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கார் களவு போயிருந்தது. நிறுத்துவது உரிமையாளரின் பொறுப்பு என்று சீட்டிலேயே அச்சிட்டிருக்கிறோம் என்றது ஹோட்டல். தன் கவனக்குறைவுக்கான பொறுப்பை அப்படி ஒரு வாசகத்தால் தட்டிக்கழிக்க முடியாது என்று 2019 நவம்பர் 14 அன்று தீர்ப்பானது. காருக்குச் சொன்ன நியாயம் சைக்கிளுக்கும் பொருந்தும்.

டோக்கனும் கட்டணமும் இல்லாமல், கல்லூரிக் கொட்டகையில் மாணவரே பூட்டி வைத்துவிட்டுப் போன சைக்கிள் என்றால் வாதம் பலவீனமாகிவிடும். பொருளை ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்ததாகவே நிரூபிப்பது கடினம். ஆகவே வளாகத்துக்குள் டோக்கன் முறை வேண்டும் என்று மாணவர்கள் எழுத்துமூலம் கேட்க வேண்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை:

1. காவல் நிலையம்: மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 303-இன்படி இது திருட்டு. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாது. உங்கள் சைக்கிள் எட்டு மாதமே ஆனது. அதன் மதிப்பு இந்த வரம்புக்கு மேல் என்று காட்ட பில்லின் நகலை மனுவோடு இணையுங்கள். எஃப்.ஐ.ஆர். பதிய மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பலாம். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

2. நோட்டீஸ்: ஸ்டாண்டுக்காரருக்கும், ஸ்டாண்டைக் குத்தகைக்கு விட்டவருக்கும் 15 நாள் அவகாசம் கொடுத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். இடம் மாநகராட்சிக்கோ வேறு அரசு அமைப்புக்கோ சொந்தம் என்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி குத்தகை நிபந்தனைகளின் நகலை வாங்குங்கள்.

3. நுகர்வோர் ஆணையம்: கட்டணம் வாங்கிச் செய்த சேவையில் குறைபாடு இது. சம்பவம் நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள சேவைக்கு மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் நீங்களே வாதாடலாம். வக்கீல் வேண்டும் என்றால், பெண் என்ற முறையில் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி பெற உங்களுக்கு உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் பேசுங்கள்.

அடுத்த சைக்கிள் வாங்கியதும் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் அச்சு போகும் குழலின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலான சைக்கிள்களில் ஃபிரேம் நம்பர் அங்கேதான் கொத்தியிருக்கும். சிலவற்றில் சீட்டுக்குக் கீழே இருக்கும். அதைப் போட்டோ எடுத்து பில்லோடு வையுங்கள். மீட்ட சைக்கிள் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை. பூட்டும்போது சக்கரத்தை மட்டும் பூட்டாமல் ஃபிரேமையும் சேர்த்து இரும்புக் கம்பியோடு பூட்டச் சொல்லுங்கள்.

வாசல் விஷயத்துக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த பிரிவு 138(1ஏ), சைக்கிள் போன்ற இயந்திரமில்லா வாகனங்களுக்கும் நடந்து செல்வோருக்கும் விதிகள் வகுக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. அந்த விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. இதைக் குறிப்பிட்டு, பெற்றோர் பலர் கையெழுத்திட்டு, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். வேகத்தடை, எச்சரிக்கைப் பலகை, பஸ் நிற்கும் இடத்தைத் தள்ளி அமைத்தல் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மனுவை மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவில் வைக்கும்படியும் எழுதுங்கள்.

விபத்து நேர்ந்துவிட்டால், மோதிய வாகனத்தின் காப்பீட்டிலிருந்து சைக்கிளில் வந்தவருக்கும் இழப்பீடு உண்டு. சட்டப்படி 6 மாதத்துக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் எல்லைக்குள்ளேயே போடலாம். மோதிய வாகனம் தெரியாமல் ஓடிவிட்டால், அரசுத் திட்டத்தில் படுகாயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கிடைக்கும்.

9,500 ரூபாய்க்காக வழக்கா என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரே ஒரு ஸ்டாண்டுக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தாலும், மறுநாளே அங்கே காவலுக்கு ஆள் போடுவார். இந்த வாரமே நோட்டீஸை அனுப்பிவிடுங்கள்.