மனைக்கொல்லையும் மனக்கொல்லையும்

இல்லத்தின் பின்புறத்தே சிறிது நிலமும் ஒரு கிணறும் வாய்க்கப் பெற்றவர் இரண்டு தோட்டங்களுக்கு உரியவராவர். கத்தரியும் வெண்டையும் வாழையும் நின்று கண்ணுக்குப் புலனாவது மனைக்கொல்லை. இனி வைக்கவிருக்கும் செடிகொடிகளும் மரங்களும் செறிந்து கருத்தில் மட்டும் தழைப்பது மனக்கொல்லை. முன்னதற்கு எல்லையும் வேலியும் உண்டு. பின்னதற்கு அவை இல்லை.

காவிரிப் படுகையிலே சிற்றூர் ஒன்றில் வாழும், அறுபத்திரண்டு அகவை நிரம்பிய பெரியவர் ஒருவரைக் கருதுக. அவருடைய கொல்லை ஐந்து சென்டு; அஃதாவது 2,178 சதுர அடி. மாலைதோறும் அவர் கிணற்றடியில் நின்று வெற்றிடங்களை நோக்குவார். மூலையில் ஒரு மா, அதற்கு எதிரே இரு தென்னை, துவைகல்லின் அருகே பலா, வாயிலில் செண்பகம் என்று அவர் உள்ளம் நட்டுக்கொண்டே செல்லும். உள்ளம் நடும் மரத்திற்கு நீர் இறைக்க வேண்டுவதில்லை அன்றோ?

ஆயின், நிலம் கணக்குக் கேட்கும். தென்னைக்கும் தென்னைக்கும் இடையே 25 அடி விடுதல் வேண்டும். ஆகவே ஒரு தென்னைக்கு 625 சதுர அடி. மாவுக்கு 30 அடி இடைவெளி எனின், 900 சதுர அடி. ஒரு மாவும் இரு தென்னையும் சேர்ந்தே 2,150 சதுர அடியைக் கொண்டுவிடும். எஞ்சிய 28 சதுர அடி கிணற்றுக்கே போதாது. கன்றாக இருக்கையில் கையளவு இடத்தில் அடங்குவதைக் கண்டு மயங்கி, நெருக்கி நட்டவர் பலர். அவர்தம் கொல்லைகளில் மரங்கள் ஒளியைத் தேடி நெடிது ஓங்கி, காய்ப்பில் சுருங்கி நிற்பதைக் காணலாம்.

எனவே ஒன்றை வைக்க விரும்புவோர் மற்றொன்றை விட்டேயாக வேண்டும். பெரியவர் பெரிதும் விழைவது பலாவை. அவர் தாயார் பிறந்த வீட்டில் அடிமரத்திலேயே காய்த்துத் தொங்கிய பலா இன்றும் அவர் நினைவில் மணக்கின்றது. எனினும் படுகை மண் களிமண்; ஐப்பசி மழையில் நீர் தேங்கும். தேங்கிய நீரில் பலாவின் வேர் அழுகும். மாவோ அதனை ஒருவாறு பொறுக்கும். மேலும், ஒட்டுமாங்கன்று நான்கைந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். விதையிலிருந்து எழுந்த பலாவுக்கு ஏழெட்டு ஆண்டுகளேனும் வேண்டும். இவற்றையெல்லாம் எண்ணி மாவே கொல்லைக்கு வந்தது. பலா மனக்கொல்லையிலேயே தங்கிவிட்டது.

மரங்கள் இளையனவாய் நிற்கும் ஆண்டுகளில் அவற்றின் இடைநிலம் கறிகாய்களுக்கு உரியது. கறிவேப்பிலையும் முருங்கையும் மனைவியாரின் விருப்பம். அவற்றை மறுப்பார் இலர். முருங்கைப் போத்தை வீட்டுச் சுவரினின்றும் தள்ளி ஊன்றுதல் நன்று. அதன் கிளை எளிதில் முறியும். ஆடிப்பட்டத்தில் கத்தரி, மிளகாய், அவரை ஆகியன இடப்பெறும். இவற்றுள் பந்தலில் ஏறும் நாட்டவரையின் இயல்பு தனித்தன்மை உடையது. பகற்பொழுது குறுகிய பின்னரே அது பூக்கும். ஆவணியிலும் புரட்டாசியிலும் கொடி பந்தல் முழுதும் படரும். பூ ஒன்றும் இராது. பொறுமையில்லாதார் மலட்டுக் கொடி என்று கருதி அறுத்தெறிந்துவிடுவர். பொறுத்தவர்க்கோ மார்கழியிலும் தையிலும் கொத்துக் கொத்தாகக் காய் கிடைக்கும்.

பூக்களைப் பற்றிய கனவுக்கோ அளவில்லை. கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்கள் அடுக்கப்பெற்றுள்ளன. தமிழ் பயின்ற தோட்டக்காரர்க்கு அப்பெயர்கள் அனைத்தையும் தம் கொல்லையிலே காணவேண்டும் என்னும் ஆவல் எழுதல் இயல்பே. அது நிறைவேறாத ஆவல். நீலக்குறிஞ்சி நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைச்சரிவுகளுக்கு உரியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே பூப்பது. மூணாற்று மலைகளில் 2006-ஆம் ஆண்டிலும் 2018-ஆம் ஆண்டிலும் அது பூத்தது. அதனைச் சமவெளிக்குக் கொணர்தல் வீண்முயற்சி. காந்தளோ வேலியோரத்திலும் வளரும். கோடையில் கொடி மடிந்தாலும், மண்ணுள் கிடக்கும் கிழங்கு மழை கண்டதும் மீண்டும் முளைக்கும். அக்கிழங்கு நஞ்சுடையது, ஆகலின் சிறுவர் ஆடும் இடத்திற்குச் சேய்மையிலேயே அதனை வைத்தல் வேண்டும்.

இனி, பெரியவர் நெடுநாள் எண்ணி எண்ணித் தள்ளிவைத்தது பனை. அது நமது மாநில மரம், பரந்த இடம் கேளாது, வேலியோரத்திற் பத்தடிக்கு ஒன்றாக நிற்கும், வறட்சிக்கு அஞ்சாது. ஆயினும் வடலியாக வளர்ந்து, அடிமரம் எழுந்து, பாளை விடுதற்குப் பதினைந்து ஆண்டுகள் செல்லும்; சிலபோது அதனினும் மிகும். அதுகாறும் ஆண்பனையா பெண்பனையா என்பதை எவராலும் கண்டு சொல்ல இயலாது. நுங்கு தருவது பெண்பனையே. பெரியவர் எழுபத்தேழு அகவை எய்தும்போதுதான் அது தெரியவரும். அதற்குப் பின்னரே நுங்கு.

ஒரு புரட்டாசித் திங்களில் அவர் முப்பது பனங்கொட்டைகளைத் தேடிக் கொணர்ந்தார். இருபத்துநான்கை மூலையில் மண் குவித்து நெருக்கமாகப் புதைத்தார். எஞ்சிய ஆறனைப் பின்வேலியோரம் பத்தடிக்கு ஒரு குழியாக இட்டு மூடினார். ஒன்றே வைத்து அது ஆணாகிவிட்டால் என் செய்வது? ஆறும் ஆணாதல் அரிது.

தைப்பொங்கலன்று பேரனும் பேத்தியும் மண்வெட்டியோடு வந்தனர். மூலையிலிருந்த கிழங்குகள் அனைத்தும் தோண்டி அவிக்கப்பெற்றன. உண்ட பின்னும் ஆசை அடங்காமல், “தாத்தா, வேலியோரம் உள்ளவற்றையும் தோண்டலாமா?” என்று பேத்தி வினவினாள். கிழங்கைத் தோண்டினால் அதன் நுனியிலிருந்து எழவேண்டிய ஓலை எழாது என்று அவர் கூறினார். “அப்படியானால் அவை யாருக்கு?” என்றாள் அவள். “நீ நுங்கு தின்பாய் அல்லவா?” என்று கூறிவிட்டு, ஆடு மேயாதபடி ஆறு குழிகளைச் சுற்றியும் முள் அடைக்கத் தொடங்கினார்.