ஓர் இணைப்பும் இரு கணிப்பொறிகளும்

கோலார் தங்கவயலில் பிறந்தவர்களுக்குப் பகிர்வு என்பது புதிய பாடம் அன்று. 1902ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர அருவியிற் பிறந்த மின்சாரம், ஏறத்தாழ 92 மைல் கடந்து எங்கள் ஊரை அடைந்தது. அதனைப் பல சுரங்கங்கள் பகிர்ந்துகொண்டன. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. வடஆர்க்காட்டிலிருந்து என் முப்பாட்டனார் பிழைக்க வந்த லைன் வீட்டில், இன்று எங்களுக்கு எஞ்சியிருப்பது படிப்பு ஒன்றுதான்.

2020ஆம் ஆண்டு, கொரோனா ஊரடங்கில் அப்படிப்பும் இணையத்திற்குள் புகுந்தது. வீட்டில் மாணவர் இருவர், நானும் என் தங்கையும். பழைய கணிப்பொறிகள் இரண்டு. தொலைபேசிக் கம்பி வழியே வந்த இணைப்போ ஒன்று. அவ்வொன்றை இரண்டுக்கும் பகிர்வது எவ்வாறு? நண்பர்களே, அதனைப் படிப்படியாகக் காண்போம்.

முதற்கண் முகவரி. இணையத்தில் மடல் வந்து சேர ஒவ்வொரு பொறிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். பழைய முறையில் அது 32 பிட்டுகளால் ஆனது. ஆகவே மொத்த முகவரிகள் ஏறத்தாழ 429 கோடியே. உலகின் பொறிகளுக்கு இவை போதா. மைய இருப்பு 2011 பிப்ரவரி 3ஆம் நாள் தீர்ந்தேவிட்டது. எனவே வீட்டிணைப்பு ஒன்றுக்கு ஒரு பொது முகவரிக்கு மேல் கிடைப்பது அரிது. கம்பியை வெறுமனே இரண்டாகக் கிளைத்துவிட்டால் இரண்டாம் கணிப்பொறிக்கு முகவரி இராது.

இதற்கு வழிகண்டவர்கள் எகெவாங், பிரான்சிஸ் என்னும் இருவர். 1994இல் தம் முறையை வெளியிட்டனர். அதன்படி, ரௌட்டர் என்னும் சிறு பெட்டி வெளியுலகிற்குத் தன் ஒரே பொது முகவரியைக் காட்டும். உள்ளே இருப்பவற்றுக்குத் தனி முகவரிகளை வழங்கும். என் கணிப்பொறி 192.168.1.2, தங்கையுடையது 192.168.1.3 என்று கொள்வோம். இவை வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண்கள். பக்கத்து வீட்டிலும் இவையே இருக்கலாம்.

மறுமொழி வருங்கால் அது யாருக்கென்று ரௌட்டர் அறிவது எப்படி? ஒவ்வொரு தொடர்புக்கும் போர்ட் எண் ஒன்று உண்டு. இருவரும் தற்செயலாக 50001 என்னும் எண்ணையே பயன்படுத்தினாலும், ரௌட்டர் எனக்கு 40001, தங்கைக்கு 40002 என்று மாற்றி அனுப்பித் தன் பட்டியலிற் குறித்துக்கொள்ளும். 40002க்கு மறுமொழி வந்தால் பட்டியலைப் பார்த்துத் தங்கையிடம் சேர்க்கும். கடிதத்தைப் பிரித்துப் படிக்காமலே உறையின் குறிப்பை மட்டும் மாற்றும் அஞ்சல்காரர் போன்றது இது.

செயல்முறை எளிது. வெளியிலிருந்து வரும் கம்பியை ரௌட்டரின் வான் துளையில் செருகுக. இரு கணிப்பொறிகளையும் லான் துளைகளில் இணைக்க. அல்லது வைஃபை வழியே சேர்க்க. முகவரியைத் தானாகப் பெறுமாறு கணிப்பொறிகளை அமைக்க. வைஃபைக்கு வலிய கடவுச்சொல் இடுக. ரௌட்டர் இல்லாதார் ஒரு கணிப்பொறியையே ரௌட்டராக்கலாம். 1999இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே அவ்வசதி உண்டு. ஆனால் முதற் பொறியை அணைத்தால் இரண்டாவதும் இணைப்பிழக்கும்.

இவ்வளவும் செய்து முடித்துப் பகிர்வு முற்றிற்று என்று நான் மகிழ்ந்தேன். அது பிழை. முகவரியைப் பகிரலாம், வேகம் பெருகாது. அத்தகைய இணைப்பில் அனுப்பும் வழி, பெறும் வழியினும் மிகக் குறுகியது; எங்களுக்கு அது நொடிக்கு அரை மெகாபிட். ஒருநாள் தங்கை தேர்வெழுதி, விடைத்தாள் படங்கள் 30 மெகாபைட் அளவுக்கு அனுப்பத் தொடங்கினாள். தந்த நேரம் 10 நிமிடம். ஒரு பைட்டுக்கு 8 பிட். ஆகவே 240 மெகாபிட். வழி முழுதும் அவளுக்கே இருந்தால் 480 நொடி, அதாவது 8 நிமிடத்தில் முடிந்திருக்கும். அதே வேளையில் நான் என் செய்முறைப் படக்காட்சியை அனுப்பிக்கொண்டிருந்தேன். பாதி வழி கிடைத்ததென்றே கொண்டாலும் 16 நிமிடம். தாள் போய்ச் சேரவில்லை. "அண்ணா, நீ ஏதாவது அனுப்புகிறாயா?" என்று அவள் கேட்டபோது நேரம் கடந்திருந்தது. அந்தத் தாளுக்கு அவளுக்கு மதிப்பெண் இல்லை.

பிறகே ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் முன்னுரிமை என்னும் பகுதியைத் தேடினேன். தேர்வுக்கும் வகுப்புக்கும் உரிய பொறிக்கு முதலிடம் தந்து, மற்றதன் வேகத்திற்கு வரம்பிட்டேன். எல்லா ரௌட்டரிலும் இவ்வசதி இராது. இல்லாதார் பெருங்கோப்புகளை இரவில் அனுப்புக. இருவர் கால அட்டவணைகளையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுக.

128 பிட் கொண்ட புதிய முகவரி முறை பரவிவருகிறது. அதில் ஒவ்வொரு பொறிக்கும் தனிப் பொது முகவரி கிடைக்கும். எண் மாற்றும் வேலை குறையும். ஆயினும் குறுகிய வழியை இருவர் பகிரும் கணக்கு மாறாது. விடுதி அறையில் ஓர் இணைப்பை மூவர் பகிரும் நண்பர்கள் இதனை நினைவிற் கொள்க. பெரிய கோப்பொன்றை அனுப்பத் தொடங்குமுன், அடுத்த மேசையில் இருப்பவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.