ஜோடித் துப்பாக்கி: 100 + 100 எப்படி 260 ஆகும்?

ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிப்போம். லண்டன்ல ஒரே பட்டறையில ஜோடியா செஞ்ச ரெண்டு பழைய ஷாட்கன். தனித்தனியா வித்தா ஒவ்வொன்னும் 100 யூனிட்னு வச்சுக்கோங்க. ஜோடியா வித்தா? 200-க்கு மேல போகும். அந்த எக்ஸ்ட்ராவை 60-னு வச்சுப்போம், ஆக 260. (இதெல்லாம் புரியறதுக்காக எடுத்துக்கிட்ட எண்கள்தான்.) அந்த 60 நிஜமாவே இருக்கான்னு பார்க்கறதுதான் மதிப்பீடு. நம்ம மெட்ராலஜி லேப் பாடம் இங்க நல்லாவே கை கொடுக்கும்.

ஏன் ஜோடி?

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்துப் பணக்காரர்களின் பறவை வேட்டை வேற மாதிரி மாறுச்சு. ஆட்கள் புதரைத் தட்டிப் பறவைகளைக் கிளப்பி விடுவாங்க. சுடுறவர் ஒரே இடத்தில் நிற்பார். இரட்டைக் குழல்னா ரெண்டே தடவைதான் சுடலாம். அதனால பக்கத்துல ஒரு லோடர் இன்னொரு துப்பாக்கியை நிரப்பி வச்சுக் கை மாத்திக்கிட்டே இருப்பார். கை மாறும்போது வித்தியாசமே தெரியக்கூடாது: எடை, பேலன்ஸ், கட்டையின் நீளம், விசையின் இறுக்கம் எல்லாமே ஒன்னா இருக்கணும். பாஸ் (1812), பர்டி (1814), ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் (1835) மாதிரி லண்டன் நிறுவனங்கள் இதுக்குப் பேர் போனவை.

படி 1: அசல் ஜோடியா?

மேல் லீவர், குழல்களுக்கு நடுவே ஓடும் ரிப், முன்கட்டை ஆகிய இடங்களில் 1, 2 என்று எண் பதித்திருக்கும், பெரும்பாலும் தங்கத்தில். ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. பின்னாடி கூட எண்ணைப் பதிக்கலாம். தனித்தனியா பிறந்த ரெண்டைச் சேர்த்து உருவாக்கின ஜோடியும் சந்தையில் உண்டு, அதுக்கு விலை குறைவு. சீரியல் எண் அடுத்தடுத்து வருதா, நிறுவனத்தோட பழைய பேரேட்டில் ஜோடியாகவே பதிவாகி இருக்கான்னு பாருங்க.

படி 2: பாகம் மாறியிருக்கா?

இவை கையால் அரம் போட்டு ஒன்றோடொன்று பொருத்தப்பட்டவை. இன்டர்சேஞ்சபிள் பார்ட்ஸ் கிடையாது! குழல், ஆக்‌ஷன், முன்கட்டை மூன்றிலும் ஒரே சீரியல் எண் இருக்கணும்.

படி 3: குழலை அளங்க

‘12 போர்’னா என்ன? குழலின் உள்விட்டத்துக்குச் சமமான ஈயக் குண்டுகள் 12 சேர்ந்தா ஒரு பவுண்டு. ஒரு குண்டு 453.6/12 = 37.8 கிராம். ஈயத்தின் அடர்த்தி 11.34, ஆக கன அளவு 3.33 கன செ.மீ. விட்டம் போட்டுப் பாருங்க: சுமார் 18.5 மி.மீ., அதாவது 0.729 அங்குலம்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். உள்ளே துருப்பள்ளம் விழுந்தா தேய்த்து எடுப்பாங்க. குழல் கண்ணாடி மாதிரி பளபளக்கும், ஆனா சுவர் மெலிஞ்சிருக்கும். சுவர்த் தடிமன் 0.020 அங்குலம், அதாவது சுமார் அரை மி.மீ.க்குக் கீழே போனா வாங்குறவங்க பின்வாங்குவாங்க. அதனால போர் கேஜும் தடிமன் கேஜும் இல்லாம விலை பேசவே கூடாது. லண்டன், பர்மிங்காம் ப்ரூஃப் ஹவுஸ்கள் கூடுதல் அழுத்தத்தில் சுட்டுச் சோதிச்சு முத்திரை குத்தும். அந்த முத்திரையில் இருக்கிற அளவையும் இப்போதைய அளவையும் ஒப்பிட்டா எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு தெரிஞ்சிடும்.

படி 4: எவ்வளவு அசல்?

பழைய குழலை அறுத்துப் புதுக் குழாய் சொருகியிருந்தா ‘ஸ்லீவ்டு’ என்ற முத்திரை இருக்கும், விலை பெரிசா விழும். செதுக்கு வேலையை மறுபடி வெட்டினது, கட்டையை மாத்தினது எல்லாமே குறைதான். நேர்மையான தேய்மானத்துக்கு மரியாதை உண்டு. நிறுவனத்தின் லேபிளோட பழைய தோல் பெட்டியும் இருந்தா விலை கூடும்.

படி 5: கணக்கு

எண் 1-ஐ மட்டும் ஸ்லீவ் பண்ணிட்டாங்கன்னு வைங்க. அதன் விலை 100-லிருந்து 50. இனி ரெண்டும் ஒரே மாதிரி இல்லை, அதனால அந்த 60-ம் காலி. 260 இப்போ 150. ஒரு குழல்ல கை வச்சதுக்கு 110 நஷ்டம்! பழுதே இல்லாத எண் 2-ன் சொந்தக்காரர் வேறயா இருந்தா, அவர் பங்கும் இதுல போச்சு.

கடைசியா உங்களுக்கு ஒரு கேள்வி. அப்பா விட்டுப்போன ஜோடியைப் பிள்ளைகள் ஆளுக்கொன்னா எடுத்துக்கிட்டுப் பிரிஞ்ச கதைகள் நிறைய. எண் 2 உங்ககிட்ட இருக்கு. எண் 1 ஏலத்துக்கு வருது, மேலே சொன்ன எல்லாப் படியும் பாஸ். அதிகபட்சம் எவ்வளவு வரை கேட்கலாம்?

260 − 100 = 160. மத்தவங்களுக்கு அது 100 பெறும் துப்பாக்கிதான். ஆனா அதோட ஜோடி இருக்கிறது உங்க வீட்டுலதானே!