திரையில் நிற்கும் பெண் யாருக்காக?

போன செமஸ்டர் லீவில் வீட்டில் கேம் விளையாடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தங்கச்சி, வயது 11. கதாபாத்திரம் தேர்ந்தெடுக்கும் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணா, ஆம்பளைங்க எல்லாம் கவசம் போட்டிருக்காங்க. இந்த அக்கா மட்டும் ஏன் நீச்சல் உடையில சண்டைக்குப் போறாங்க?" என்று கேட்டாள். "கேம்னா அப்படித்தான்" என்று சமாளித்தேன்.

ஆனால் இன்ஜினியரிங் படிக்கிறவனுக்கு அந்தப் பதில் உறுத்தியது. கேமில் எதுவும் தானாக வருவதில்லை. உடை, நடை, கேமரா நிற்கும் இடம் எல்லாமே யாரோ ஒருவர் எடுத்த முடிவு. அந்த முடிவுகளைக் கொஞ்சம் படித்துப் பார்ப்போமா?

1. காத்திருக்கும் பெண்

1981-இல் நிண்டெண்டோ வெளியிட்ட 'டாங்கி காங்' ஆட்டத்தில் ஒரு பெரிய குரங்கு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகும். நாம் ஏணி ஏறிப் போய் மீட்க வேண்டும். 1985-இல் வந்த 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' ஆட்டத்திலும் இதே கதைதான். எட்டாவது உலகத்தின் கடைசிக் கோட்டை வரை இளவரசியைப் பார்க்கவே முடியாது. அவள் எதுவும் செய்வதில்லை, காத்திருக்கிறாள்.

2005-இல் அந்த இளவரசியையே நாயகியாக வைத்து 'சூப்பர் பிரின்சஸ் பீச்' வந்தது. இப்போது அவள் மேரியோவை மீட்கிறாள். நல்ல மாற்றம்தான். ஆனால் அவளுக்குக் கொடுத்த சக்தி என்ன தெரியுமா? மகிழ்ச்சி, கோபம், அமைதி, அழுகை! மேரியோ குதித்து ஜெயிப்பான், அவள் அழுது ஜெயிக்க வேண்டும்.

2. பரிசாகும் பெண்

1986-இல் வந்த 'மெட்ராய்ட்' ஆட்டத்தில் கவசம் அணிந்த வீரர் சாமஸ். விளையாடுபவர்கள் ஆண் என்றே நினைத்தார்கள். முடிவில்தான் பெண் என்று தெரியும். அந்தக் காலத்தில் பெரிய துணிச்சல் அது. ஆனாலும் ஒரு சிக்கல். எவ்வளவு சீக்கிரம் ஆட்டத்தை முடிக்கிறோமோ, அவ்வளவு குறைந்த உடையில் அவள் தோன்றுவாள். அவ்வளவு நேரம் சண்டை போட்டவள், கடைசியில் நமக்குப் பரிசாகிவிட்டாள்.

1996-இல் வந்த 'டூம் ரெய்டர்' நாயகி லாரா கிராஃப்ட் படித்தவள், தைரியசாலி, தனியாளாகக் குகைக்குள் இறங்குபவள். ஆனால் விளம்பரங்கள் அவள் உடம்பையே முன்னால் வைத்தன. 2013-இல் அவளைப் புதிதாக உருவாக்கியபோது உடலமைப்பை இயல்பாக்கி, முழுநீளக் கால்சட்டை கொடுத்தார்கள். பயமும் வலியும் உள்ள மனுஷியாகக் காட்டினார்கள். இதனால் சாகசம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

3. அப்படியென்றால் உடைதான் பிரச்சினையா?

'ஸ்மைட்' என்ற ஆட்டத்தில் காளியும் ஒரு கதாபாத்திரம். அவளைக் கவர்ச்சியாகக் காட்டியதை எதிர்த்து 2012-இல் அமெரிக்காவில் இந்துக்களிடமிருந்து குரல் எழுந்தது. நமக்கும் கோபம் வரும். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். நம் மரபில் காளி மண்டையோட்டு மாலையோடு, உடையின்றிக் காட்டப்படுவதும் உண்டு. அந்த உருவத்தின் முன் நிற்கும்போது யாருக்கும் தப்பான எண்ணம் வருவதில்லை, கைதான் கூப்புகிறது. அவள் நம் ரசனைக்காக அங்கே நிற்கவில்லை, அதுதான் காரணம்.

ஆக, துணியின் அளவை வைத்து மட்டும் இதை அளக்க முடியாது. அந்தப் பெண் தனக்கென்று ஒரு வேலையோடு வந்திருக்கிறாளா, பார்ப்பவனுக்காக நிறுத்தப்பட்டிருக்கிறாளா? இதுதான் உண்மையான கேள்வி.

4. ஒரு நல்ல உதாரணம்

2020-இல் இந்தியாவின் புனே நகரில் உருவான 'ராஜி: ஏன் ஏன்ஷியன்ட் எபிக்' விளையாடிப் பாருங்கள். ராஜி சர்க்கஸில் வித்தை காட்டும் பெண். அசுரர்கள் அவள் தம்பி கோலுவைத் தூக்கிச் செல்கிறார்கள். துர்க்கையின் அருளோடு அவள் தேடிப் போகிறாள். இங்கே மீட்கப்பட வேண்டியவன் பையன், மீட்பவள் அக்கா. கம்பத்தில் சுழல்வது, சுவரில் ஓடுவது எல்லாம் அவள் கற்ற வித்தையிலிருந்தே வருகின்றன. அவள் திறமைதான் ஆட்டமே.

5. நம் பங்கு என்ன?

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் இரவு எங்கள் அணியில் புதிதாக ஒரு பெண் சேர்ந்தார். மைக்கில் குரல் கேட்டதுமே ஒருவன், "போய் சமையல் பண்ணு" என்றான். அடுத்தவன் அதைவிட மோசமாகப் பேசினான். நான் எதுவும் சொல்லவில்லை, சிரித்தேன். பாதி ஆட்டத்தில் அவர் வெளியேறிவிட்டார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அம்மன் படத்துக்குக் கோபப்படுகிறோம். தங்கச்சியை யாராவது பேசினால் சும்மா விடமாட்டோம். பெயர் தெரியாத பெண்ணுக்கு மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை? திரையில் இருப்பவளைப் பொம்மையாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மைக்கில் பேசுபவளும் பொம்மையாகிவிடுகிறாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. கேமை வடிவமைப்பது நம் கையில் இல்லை. "டேய், போதும் நிறுத்து" என்று சொல்வது நம் கையில்தான் இருக்கிறது. நானும் இப்போதுதான் பழகுகிறேன்.

தங்கச்சியிடம் மறுபடி போய், "நீ கேட்டது சரியான கேள்விதான்மா" என்று சொன்னேன். "அதான் அப்பவே கேட்டேன்ல!" என்றாள்.

கலந்து பேச:

• நீங்கள் விளையாடும் கேமில் பெண் கதாபாத்திரத்தின் குறிக்கோள் என்ன? ஒரே வரியில் சொல்ல முடிகிறதா?
• அவளை எடுத்துவிட்டு அங்கே ஒரு தங்கப் பெட்டியை வைத்தால் கதை மாறுமா?
• அணியில் ஒருவர் தப்பாகப் பேசினால் நீங்கள் சொல்லப்போகும் முதல் வார்த்தை என்ன?